கத்திரித் தோட்டத்துல புகை

மருந்து டப்பாவ என் கண்ணுல காட்டாதேன்னு உரக்கடைக்காரன்கிட்டயே சொன்னவ நான். எம் புருஷன் டேனியல் முதுகுல தெளிப்பான் மாட்டிகினு வருஷக்கணக்கா பூச்சிமருந்து அடிச்சாரு. நெஞ்சு வெந்துதான் போய்ச் சேந்தாரு. அப்புறம் கோவிலம்பாக்கத்துல இந்தத் துண்டு நிலத்துல ஒண்டியா கத்திரி வெச்சேன். நிலம் தயாளன் சாருது. "இந்தத் தடவையும் காய் சொத்தைன்னா நிலத்த லாரி நிறுத்த வாடகைக்கு வுட்ருவேன் செல்வமேரி"ன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு.

அந்த நேரத்துலதான் வேளாண்மை ஆபீஸ்லேர்ந்து கோகிலவாணி மேடம் வந்தாங்க. அரசாங்கம் இனாமா தருதுன்னு ஒரு அட்டை குடுத்தாங்க. அது மேல பொடிப்பொடியா முட்டைங்க. அதுலேர்ந்து வர்ற குட்டிக் குளவி காய்ப்புழுவோட முட்டைய அழிச்சிடுமாம். "இந்த வாரம் மருந்து, புகை எதுவும் ஆவாது"ன்னாங்க. அட்டைய துண்டு துண்டா வெட்டி இலைக்கு அடியில மாட்டினேன். ரெண்டு நாள்ல கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம என்னமோ பறந்துச்சு. "பாத்தியா டேனியலு"ன்னு வாய்விட்டே சொன்னேன். அவ்ளோ சந்தோஷம் எனக்கு.

மறுநாள் சாயங்காலம் மார்க்கெட் போய்ட்டு வர்றேன், தோட்டமே தெரியல. ஒரே புகை. உள்ளேர்ந்து என் தம்பி ஜெஃப்ரி வர்றான், தோள்ல கொசுப்புகை மிஷினு. அதான் அவன் வேலை. மிஷின் வந்தாலே "எங்க வூட்டாண்ட இன்னும் கொஞ்சம் அடிப்பா"ன்னு இங்க அவனவன் டீ வாங்கிக் குடுத்துக் கெஞ்சுவான். இவன் கேக்காமயே எனக்கு அடிச்சிகிறான். அட்டை விஷயம் அவனுக்குத் தெரியாது.

"ஃப்ளாட்காரங்களுக்குக் கூட இவ்ளோ அடிக்கலக்கா. கொசுக்கடியில ஒண்டியா நிக்கிறியேன்னு மூலை முடுக்கு வுடாம அடிச்சேன்."

கண்ணு செவந்து, இருமிகினே சிரிச்சான். திட்டத்தான் வாயத் தொறந்தேன். அந்த மூஞ்சியப் பாத்துட்டு என்னத்தத் திட்டறது. டீ போட்டுக் குடுத்தேன்.

குளவி ஒண்ணுகூட மிஞ்சல. மேடம் பாவம், அலையா அலைஞ்சாங்க. புது அட்டை வர்றதுக்குள்ள காயெல்லாம் ஓட்டை. கடைக்காரன் மருந்த நீட்டினான், வாங்கக் கை போவல. தயாளன் சார் லாரிக்கு ஆள் பாத்துட்டாரு.

செடியப் புடுங்கின அன்னிக்கு ஜெஃப்ரி ஒத்தாசைக்கு வந்தான். ஒரு காயப் பிட்டுப் பாத்தான், உள்ள புழு நெளிஞ்சுது. அவன் மூஞ்சி சுண்டிப்போச்சு.

"இன்னாக்கா நீ. பூச்சி கீதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வந்து இன்னொரு தபா புகை அடிச்சிருப்பேனே."

"தோணலடா"ன்னு சொல்லிட்டு, அடுத்த செடியப் புடுங்கினேன்.