இந்திராணி அக்காவின் சுத்தமான குழம்பு

"நவம்பர் 12, புதன். இரண்டாம் ஜாடியின் கறுப்பு வயர் கழன்று கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குழம்பு ஊற்றும்போது என் கைதான் பட்டிருக்கும். சின்னத் தவறு என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை."

எழுதி முடித்த பிறகுதான் சங்கவிக்கு உறைத்தது. அந்தச் சின்னத் தவறு மூன்று நாளாக, அவர்கள் குடியிருக்கும் ஹேடோ குவார்ட்டர்ஸ் முழுக்க வம்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மாலை வகுப்புக்காக அவள் எடுத்துக்கொண்ட செய்முறை இது. சாக்கடைச் சேற்றுக் கிருமிகளை ஜாடியில் இரண்டு வாரம் வளர்த்து, மிச்சச் சாப்பாட்டை ஊற்றி, காற்றுப் புகாமல் மூடி, துளி மின்சாரம் கொடுக்க வேண்டும். கிருமிகள் தின்னத் தின்ன, கறுப்பு வயரின் முனையில் ஹைட்ரஜன் குமிழ் குமிழாகக் கிளம்பும். வெள்ளிக்கிழமை வாத்தியார் முத்துகிருஷ்ணன் சார் முன்னால் குமிழ் வராவிட்டால், ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி தேர்வு.

எதையும் ஒழுங்காகச் செய்கிறவள் என்பதால், குழம்பு கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயரையே ஜாடிகளில் ஒட்டியிருந்தாள். வினை அங்கேதான். திங்கட்கிழமை கணக்கு: ராஜகுமாரி, நிமிடத்துக்கு நாற்பத்தொரு குமிழ். இரண்டாம் ஜாடியான இந்திராணி, சுழியம்.

"என் மீன் குழம்பு நாப்பத்தொண்ணு!" வராந்தாவில் இன்றும் ராஜகுமாரியின் குரல்தான்.

"அதத்தாண்டி நானும் சொல்றேன் ராஜி," என்றாள் இந்திராணி. மூன்று நாள் யோசித்த பதில். "நாப்பத்தொண்ணு குமிழ்னா எத்தன கோடி கிருமி? என் புளிக்குழம்புல ஒண்ணுகூடப் பிழைக்கல. அம்புட்டுச் சுத்தம்!"

ராஜகுமாரியின் முகம் சுருங்கியது. "அப்ப என் குழம்பு ஊசிப்போச்சுங்கிறீங்களா?"

"நான் எங்கடி சொன்னேன்? ஜாடி சொல்லுது."

"ஏய் சங்கவி, என் குழம்பத் திருப்பிக் குடு!"

"அக்கா, அது நாலு நாளாச்சு..."

"பர்வா நஹி, பரவாயில்ல, குடு!"

சங்கவி ஜாடியைக் கட்டிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்திராணி அக்காவாவது சந்தோஷமாக இருப்பாள். ஆனால் நோட்டில் எழுதியாகிவிட்டது. எழுதியதை அடிக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. அப்படியே வாசித்துக் காட்டிவிட்டு, கழன்ற வயரை மாட்டினாள்.

மூவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லை. சிவப்பு வயரும் கழன்றிருக்குமோ என்று அவள் எட்டிப் பார்ப்பதற்குள் கடுகளவில் ஒரு குமிழ் மேலே வந்தது. பின்னாலேயே வரிசையாக மற்றவை.

"ஏக், தோ, தீன்..." ராஜகுமாரி இந்தியில் விரல் விட்டு எண்ணினாள்.

"எண்ணாதடி!"

"பாவன்! ஒரு நிமிஷத்துல அம்பத்திரண்டு! சுத்தத்தப் பாருங்க சுத்தத்த!"

இந்திராணி தன் பெயர்ச் சீட்டை நகத்தால் கிழித்தாள். ராஜகுமாரியும் தன்னுடையதைக் கிழித்தாள்.

"எங்க வீட்டுக் குழம்ப வாத்தியார் முன்னால வச்சே, தொலைச்சுப்புடுவேன்," என்றாள் இந்திராணி. "கொட்டுடி ரெண்டையும்."

"அப்ப எதை ஊத்துறது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்று நாளுக்குப் பிறகு சேர்ந்து சிரித்தார்கள்.

"ஏன், ஒங்க வாத்தியார் வீட்ல ஒல வைக்கிறதில்லையா?" என்றாள் ராஜகுமாரி.

சேற்றை மட்டும் விட்டுவிட்டுக் குழம்பைக் கொட்டினாள் சங்கவி. பிறகு நோட்டை எடுத்து, அன்றைய தேதிக்குக் கீழே எழுதினாள்:

"நாளை காலை ஏழு மணிக்கு மரைன் ஹில் போய், முத்துகிருஷ்ணன் சார் வீட்டில் மிச்சக் குழம்பு கேட்க வேண்டும். ஊற்றிய பின் நான்கு வயரையும் இழுத்துப் பார்க்க வேண்டும். பெயர் ஒட்டக் கூடாது."