ரைட் கிளிக்கில் ஒரு வரி

எங்கள் ஸ்டூடியோவில் நுழைந்ததும் இடதுபக்கம் படம் எடுக்கும் அறை, வலதுபக்கம் பிரிண்டர், நடுவில் கம்ப்யூட்டர். அதன் முன்னால் இருந்த நாற்காலி என்னுடையது. படம் எடுப்பது அண்ணன். அதன் பிறகு நடப்பதெல்லாம் நான். பாஸ்போர்ட் அளவுக்கு வெட்டுவது, பிரேம் போடப் பெரிதாக்குவது, கேட்பவருக்குப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பது, எல்லாம்.

அண்ணன் கேமராவைப் பிடித்தால் கெட்டிக்காரன். மவுஸைப் பிடித்தால் வெண்ணெய்வெட்டி. நான் காய்ச்சலில் படுத்திருந்த ஒருநாள், ஒரு கல்யாண வீட்டுக்காரருக்குப் படங்களைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். அவர்கள் வீட்டில் செருகிப் பார்த்தால் ஒன்றுகூடத் திறக்கவில்லை. இவன் ஏற்றியது படங்களை அல்ல, படங்களின் ஷார்ட்கட்டுகளை. விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டையே கொடுத்துவிட்டதாக நினைத்திருக்கிறான். பெண்ணின் அப்பா வந்து போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

அதற்குப் பிறகுதான் ரைட் கிளிக் மெனுவில் கை வைத்தேன். ஒரு படத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் முழ நீளத்துக்கு ஒரு வரிசை இறங்கும். என்றைக்கோ போட்டு என்றைக்கோ மறந்த மென்பொருள்களெல்லாம் அதில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தன. வைரஸ் தேடுகிறவன், சுருக்கிக் கட்டுகிறவன், வால்பேப்பராக வைக்கட்டுமா என்று கேட்கிறவன். ஷார்ட்கட் உண்டாக்கும் வரியும், நகல் எடுக்கும் ‘காப்பி’ வரிக்கு ரெண்டு வரி தள்ளி அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டர் தன் அமைப்பையெல்லாம் எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் போனேன். எதைத் தொட்டால் எது சாகும் என்று தெரியாது. ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, எல்லாரையும் ஒவ்வொருவராகத் துரத்தினேன். பிறகு எங்களுக்கு வேண்டியதைத் தமிழில் சேர்த்தேன். பாஸ்போர்ட் அளவு, பிரேம் அளவு, பென் டிரைவுக்கு, பிரிண்டருக்கு, முடிந்தது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் நான் எழுதிய ஒரு சின்ன நிரல் இருந்தது. ‘முடிந்தது’ என்பதை அழுத்தினால் படம் தானாகப் போய் அந்த மாதத்து ஃபோல்டரில் வாடிக்கையாளர் பெயரில் சேர்ந்துகொள்ளும்.

பிசிறில்லாத வேலை. என் வாயால் சொல்லக் கூடாது, ஆனால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

அண்ணன் கொஞ்ச நாள் பார்த்தான். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்ததால் அண்ணி பகலில் வீட்டில் சும்மா இருந்தாள். சும்மா என்பது அவன் வைத்த பெயர்.

“இனிமே உங்க அண்ணி உக்காரட்டும் பாப்பா,” என்றான். “ரெண்டு தட்டு தட்டற வேலைதானே. நீ படிச்ச படிப்புக்கு வெளிய நல்ல வேலையா தேடிக்கோ. எத்தன நாளைக்கு இங்கயே கெடப்ப?”

அக்கறையாகத்தான் சொன்னான். அதுதான் எரிச்சல். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அந்த வேலையை ரெண்டு தட்டாக ஆக்கியதே நான்தான்.

அண்ணிக்கு ஒரே மதியத்தில் எல்லாம் வந்துவிட்டது. தப்பு செய்ய அந்த மெனுவில் இடமே இல்லை. நான் வீட்டில் உட்கார்ந்து வேலை தேடினேன். அப்பா ஆரம்பித்த கடை அது. நான் இல்லாமலேயே அது நன்றாக நடந்தது.

மெனுவில் ஒன்றே ஒன்றுதான் இல்லை. ஆன்லைன் விண்ணப்பங்களுக்குப் படம் கேட்பார்கள். கோப்பு இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும், முகமும் மங்கக் கூடாது. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு அளவு. அதை நான் எப்போதும் கண்ணால் பார்த்துக் கையால்தான் செய்வேன். வேண்டுமென்று விட்டதில்லை. ஆனால் அண்ணிக்கு அது வரவில்லை என்று தெரிந்ததும் உள்ளுக்குள் குதூகலம், பொய் சொல்வானேன். வாரத்தில் ரெண்டு மூன்று முறை அண்ணன் போன் செய்வான். “பாப்பா, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்.” நானும் தலையை வாரிக்கொண்டு, அவசரமே இல்லாதவள் போல நடந்து போவேன். அண்ணி எழுந்து நாற்காலியைக் கொடுப்பாள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் போதுமாக இருந்தது.

ஒருநாள் அப்படிப் போனபோது கடையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம், அன்றைக்குத்தான் கடைசி நாள். படத்தை ஏற்ற ஏற்ற இணையதளம் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் அண்ணி தானே முயன்று பார்த்திருக்கிறாள். படத்தின் ஓரத்தைப் பிடித்து அமுக்கி அமுக்கி, முகம் பூசணிக்காய் மாதிரி பரந்துபோயிருந்தது.

“இது நானா?” என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

அண்ணியின் முகம் செத்துவிட்டது. “நீ இல்லாம இது ஒண்ணுதான் பாப்பா எனக்கு வரவே மாட்டேங்குது,” என்றாள்.

காதில் தேன் பாய்ந்தது. உட்கார்ந்து, முதலில் எடுத்த படத்தைத் தேடிப் பிடித்து, சரியான அளவுக்குக் கொண்டுவந்தேன். படம் ஏறியது. அந்தப் பெண் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனாள். உள்ளறையில் அண்ணன் ஒரு குழந்தையைச் சிரிக்க வைக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான்.

நான் அப்படியே எழுந்து வந்திருக்கலாம். வந்திருந்தால் அடுத்த வாரமும் போன் வரும், அதற்கடுத்த வாரமும் வரும். ஆனால் அந்தப் பூசணிக்காய் முகம் இன்னும் திரையில் இருந்தது. என் மெனு ஓடுகிற கம்ப்யூட்டரில் இப்படி ஒரு படமா? எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணி மேல் இரக்கம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அரைகுறை வேலையைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும், அவ்வளவுதான்.

அங்கேயே உட்கார்ந்து நிரலை எழுதினேன். எத்தனை கேபி என்று அது கேட்கும். எண்ணைப் போட்டால், படத்தை அமுக்காமல், தரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய், அந்த அளவுக்குள் வந்ததும் நின்றுவிடும். எழுதி முடித்துப் பார்த்தால் ஒரு பக்கம்கூட வரவில்லை. இதைத்தான் என் கண்ணுக்கு மட்டும் தெரிந்த கலை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். பிரேமுக்கும் பென் டிரைவுக்கும் நடுவில் ‘விண்ணப்பத்துக்கு’ என்று ஒரு வரி வந்து நின்றது.

“பண்ணிப் பாருங்க அண்ணி.”

அண்ணி நின்றபடியே குனிந்து மவுஸைப் பிடித்தாள். வரியை அழுத்தி, எண்ணைப் போட்டாள். படம் வந்தது. முகம் முகமாகவே இருந்தது.

“இவ்ளோதானா?” என்றாள்.

“இவ்ளோதான்.”

அண்ணன் வெளியே வந்தான். அண்ணி அவனுக்கும் ஒரு தடவை செய்து காட்டினாள்.

“அப்பாடா,” என்றான். “இனிமே பாப்பாவ அலைய விட வேண்டாம்.”

வந்த அழுகையை இருமலாக்கி விழுங்கிக்கொண்டேன். அதற்குள் ரெண்டு பேர் கடைக்குள் வந்துவிட்டார்கள். அண்ணி என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், எழுந்திரு என்று சொல்லவில்லை. நான் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன்.