முதல் கியரிலேயே வந்த வண்டி

1

இந்தக் கதை ஒரு நாற்றத்தில் பிறந்தது. செங்கம் ரோட்டோரம் ஒரு சாயங்காலம் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். எண்ணெய் வாசனையைத் தள்ளிக்கொண்டு வேறொன்று மூக்கில் ஏறியது. திரும்பிப் பார்த்தேன். பார்த்ததை இப்போதே சொல்லிவிடலாம். மாட்டேன். கையில் இருக்கிற ஒரே சரக்கு அதுதான், அதையும் முதல் பத்தியிலேயே கொட்டிவிட்டால் அப்புறம் உங்களை எப்படிப் பிடித்து வைப்பது? பாதி பஜ்ஜியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து உட்கார்ந்தேன். கை பரபரவென்றது.

முதல் தொடக்கம்: "அண்ணாமலையின் உச்சியில் மேகங்கள் கவிந்திருந்த அந்த இனிய..." அடித்தேன். லாட்ஜ் விளம்பரம்.

இரண்டாவது: "பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை: கிளட்ச், சஸ்பென்ஷன், ஏசி..." அடித்தேன். ஒர்க்ஷாப் போர்டு.

மூன்றாவது: "தேவிப்ரியாவுக்கு வண்டியைப் பார்த்ததுமே பிடித்துப் போயிற்று." அப்பாடா. இது நிற்கட்டும்.

2

தேவிப்ரியா கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். (முதலில் டீச்சராகத்தான் வைத்தேன். இரண்டு வரியில் அவளுக்கே கொட்டாவி வந்தது.) இரண்டு பெட்டி, ஒரு லைட் ஸ்டாண்டு, முடி சுருட்டுகிற மெஷின், இத்தனையும் ஸ்கூட்டரில் ஏறாது. அதனால் வெளியூர் முகூர்த்தம் என்று யார் கேட்டாலும், "அன்னிக்கு டேட் இல்லீங்க" என்று வாய் கூசாமல் பொய் சொல்லிவந்தாள். போன வாரம் போளூரிலிருந்து ஒரு பெண் வீட்டார் கேட்டபோது வாய் முந்திக்கொண்டது. "வந்துடறேங்க!"

வியாழக்கிழமை விடியலில் முகூர்த்தம். இன்று செவ்வாய். கார் வேண்டும், அதுவும் வழியில் நிற்காத கார். நின்றால் அங்கே மணப்பெண் வெறும் முகத்தோடு உட்கார்ந்திருப்பாள். அதற்கப்புறம் இந்த மாவட்டத்தில் ஒரு வீட்டுக்காரர்கூட தேவிப்ரியாவைக் கூப்பிட மாட்டார்.

வேங்கிக்காலில், காரை விற்கப் போட்டிருந்த ராஜமாணிக்கம் வீட்டு வாசலில் வண்டி சிவப்பாக நின்றது. குட்டி எஸ்யூவி. (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், வக்கீல் வைக்க எனக்கு வசதியில்லை.) கண்ணாடி போலப் பளபளத்தது. தொழில்காரிக்குத் தெரியாதா? இது நேற்றுப் போட்ட பாலிஷ். இருக்கட்டுமே, பெண் பார்க்க வருகிற அன்று யார்தான் பவுடர் போடவில்லை என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனசு ஏற்கெனவே உள்ளே ஏறி சீட் பெல்ட் மாட்டிவிட்டது.

"சிங்கிள் ஓனர்மா," என்றார் ராஜமாணிக்கம். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். "அஞ்சு வருஷத்துல ஊரத் தாண்டினதே இல்ல. டெய்லி கிரிவலம், அவ்ளோதான். பக்தியான வண்டி."

தேவிப்ரியா கூட்டி வந்திருந்த மெக்கானிக் நூருல்லா மீட்டரைப் பார்த்துக் குதித்தார்.

"இருபத்தஞ்சாயிரம் கிலோமீட்டர்தாம்மா ஓடிருக்கு! பச்சக் கொழந்த!"

குனிந்தார், நிமிர்ந்தார், பானெட்டுக்குள் தலையை விட்டார். "முன் சக்கரத்துல ரப்பர் புஷ்ஷு தேஞ்சிருக்கு, மூணாயிரம். ஏசி கூலிங் கம்மி, கேஸ் அடிச்சி சுத்தம் பண்ணா ரெண்டாயிரத்து ஐநூறு. வேற ஒண்ணுமில்ல. கண்ண மூடிக்கினு எடு."

"எடுத்துக்கறேன் சார்!" என்றாள் தேவிப்ரியா.

"அவசரமில்லம்மா," என்றார் ராஜமாணிக்கம். "நல்லா யோசிச்சி சொல்லு. அடுத்த மாசம்கூட வரலாம்."

3

இங்கே எனக்கு ஒரு தகராறு. ராஜமாணிக்கத்தை ஏமாற்றுக்காரராகத்தான் வரைந்து வைத்திருந்தேன். தடித்த மீசைகூடக் கொடுத்தேன். ஆனால் எந்த ஏமாற்றுக்காரர் ஐயா, சிக்கிய கிராக்கியை அடுத்த மாசம் வா என்பார்? யாரும் பார்க்காதபோது துண்டால் கண்ணாடியை வேறு துடைக்கிறார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதையைக் கெடுப்பது?

கடுப்பில் அவர் மனைவி சரோஜாவை மோர் டம்ளர்களோடு அனுப்பினேன். அந்தம்மா டம்ளரை வைப்பதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டார்.

"அவர் கெடக்கறாரு, நீ இன்னிக்கே ஓட்டிக்கினு போம்மா."

(இது நான் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. சத்தியமாக.)

4

ஓட்டிப் பார்க்காமல் வாங்குவார்களா? தேவிப்ரியா ஸ்டீயரிங்கில், பக்கத்தில் நூருல்லா, பின்னால் கணவனும் மனைவியும். சமதளத்தில் வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போளூர் மணப்பெண், அதற்கப்புறம் ஆரணி, அதற்கப்புறம் வேலூர்... ஆஹா!

ரயில்வே மேம்பாலம் வந்தது. ஏற்றத்தில் மிதித்தாள். இன்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தாள். இன்னும் கத்தியது. பின்னாலிருந்து லாரிக்காரன் ஹார்னில் கை வைத்து எடுக்கவே இல்லை. அப்போது உள்ளே குபீரென்று ஒரு நாற்றம் கிளம்பியது.

"பயப்படாதம்மா," என்றார் ராஜமாணிக்கம் அமைதியாக. "கிரிவலத்துல லிங்கத்துக்கு லிங்கம் கற்பூரம் ஏத்தறாங்கல்ல? அந்த வாசனதான். வண்டியிலயே ஊறிப்போச்சி."

"கற்பூரமா?" நூருல்லா தலையில் அடித்துக்கொண்டார். "சார், அது கிளட்ச் பிளேட்டு வேவுற நாத்தம் சார்! இருபத்தஞ்சாயிரத்துல எப்படிங்க போவும்? நானே ஏமாந்துட்டனே!"

எப்படியோ முக்கி முனகிப் பாலத்தைக் கடந்து இறங்கி ஓரமாக நிறுத்தினாள். வியாழக்கிழமை கண்முன் வந்து நின்றது. வெளியே போட்ட பாலிஷை அவ்வளவு சரியாகக் கண்டுபிடித்துவிட்டு உள்ளே இருப்பதைக் கேட்காமல் விட்டோமே என்று அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம். திரும்பிக் கேட்டாள்.

"சார், ஒரு தடவ மலைய சுத்த எவ்ளோ நேரமாவும் உங்களுக்கு?"

"நாலு மணி நேரம்."

"கார்லயா?"

சரோஜா கலகலவென்று சிரித்துவிட்டார். "நான் நடப்பம்மா. இவரு கார்ல என் பின்னாடியே வருவாரு."

இதோ, என் சரக்கு. பஜ்ஜிக் கடையில் நான் திரும்பிப் பார்த்தது இதைத்தான். கை வீசி நடக்கும் ஓர் அம்மா. பத்தடி பின்னால், அவர் வேகத்திலேயே ஒரு சிவப்பு வண்டி. (கார் தெரியாதவர்களுக்கு: நடை வேகத்தில் கார் போக வேண்டுமென்றால் கிளட்சைப் பாதி மிதித்தபடியே இருக்க வேண்டும். உள்ளே தகடு உரசிக்கொண்டே இருக்கும். தினம் நாலு மணி நேரம், ஐந்து வருஷம். பக்தியில் தேய்ந்த தகடு அது.)

"டாக்டரே இவர நடங்கன்னு சொல்லிட்டாரு," என்றார் சரோஜா. "கால் வலி, கால் வலின்னு வண்டியிலயே ஒக்காந்துக்கறாரு. வண்டி இருந்தாத்தான ஒக்காருவாரு? அஞ்சு வருஷமா என் முதுகையே பாத்துக்கினு வராரு. பக்கத்துல வந்தா ரெண்டு வார்த்த பேசலாம்ல?"

ராஜமாணிக்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் பின்னாடி வந்தா உனக்கு தைரியமா இருக்கும்னு நெனச்சேன்."

"இருந்துச்சி. இல்லன்னு யார் சொன்னா?"

எழுதிக்கொண்டிருந்த நானே பேனாவை ஒரு நிமிஷம் கீழே வைத்தேன், நேராகவே சொல்கிறேன்.

நூருல்லாதான் கனைத்தார். "கிளட்ச் செட்டு, பேரிங்கு, கூலி, எல்லாம் சேத்து பதினெட்டாயிரம் ஆவும். கிளட்ச் உரசற சக்கரம், அந்த ஃப்ளைவீலும் தேஞ்சிருந்தா இன்னும் ஜாஸ்தி, நாளும் இழுக்கும். இல்லன்னா நாளைக்கி ராத்திரிக்குள்ள வண்டி ரெடி. பிரிச்சாத்தாம்மா தெரியும்."

"அத வெலையில கழிச்சிக்கம்மா," என்றார் சரோஜா. ராஜமாணிக்கம் வாயைத் திறந்தார். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

வாங்கலாமா, விடலாமா? தேவிப்ரியா ஸ்டீயரிங்கை ஒருமுறை தடவினாள். "எடுத்துக்கறேன்," என்றாள்.

5

முடிவுகள்.

அ) ஃப்ளைவீல் நன்றாக இருக்கிறது. போளூரில் மணமகள் ஜொலிக்கிறாள். (இனிக்க இனிக்க இருக்கிறது. திகட்டுகிறது.)

ஆ) வியாழன் விடியலில், நடு ரோட்டில், வண்டி... (வேண்டாம். கை வரவில்லை.)

இ) ராஜமாணிக்கம் நூருல்லாவின் ஷெட்டுக்கு ஓடி வந்து வண்டியைத் திருப்பிக் கே... (சரோஜா என்னைத் தொலைத்துவிடுவார்.)

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். சாயங்காலம் வேங்கிக்காலில் சாவி கை மாறியது. ஷெட்டைத் திறந்து வைக்க நூருல்லா பைக்கில் முன்னால் பறந்தார். சரோஜா செருப்பை வாசலில் கழற்றி விட்டு, "வாங்க," என்றார். ராஜமாணிக்கம் வண்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மெதுவாகத் தன் செருப்பையும் கழற்றினார். இருவரும் கிரிவலத்துக்கு வெறுங்காலோடு தெருவில் இறங்கி நடந்தார்கள்.

குறுகலான தெரு. ஹார்ன் அடிக்க தேவிப்ரியாவுக்கு மனசு வரவில்லை. முதல் கியரில், கிளட்சைப் பாதி மிதித்தபடி, அவர்கள் பின்னாலேயே ஊர்ந்தாள். வண்டியும் பழகிய தடம் போல ஊர்ந்தது.

சரோஜா திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நீயும் பின்னாடியே வராத! தாண்டிப் போ!"

சொல்லிக்கொண்டே கணவரின் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார். பிடித்த கையை விடவில்லை. வழி திறந்துவிட்டது.

இனிமேல் என்னால் ஆகாது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கதையின் ஸ்டீயரிங்கை விட்டு நகருகிறேன், நீங்கள் உட்காருங்கள். கிளட்சிலிருந்து இடது காலை முழுசாக எடுங்கள். நம் தேவிப்ரியாவுக்கு வியாழக்கிழமை போளூர் போக வேண்டும். சீக்கிரம், நாற்றம் வர ஆரம்பித்துவிட்டது.