மாத்திரை போட்டியா?

எவ்வளவு அழுதால் சரியாக இருக்கும்? சத்தம் போட்டு அழுதால் இவளுக்கும் ஆரம்பித்துவிட்டது என்பார்கள். இப்படியே உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் சொல்வார்கள்.

ஜோவிதா ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். உள்ளே அம்மாவின் விரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தது. துடைத்த இடம் மறுபடி மங்கியது. மறுபடி துடைத்தாள்.

"போதும் ஜோவி," என்றாள் அண்ணி மெரின். "எத்தன வாட்டி தொடைப்ப? எல்லாரும் பாக்கறாங்க."

ஜோவிதா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் சிறுமியாக இருந்தபோது அம்மாவின் காதில் குரல்கள் கேட்டன. பேய் என்று எங்கோ கூட்டிப்போய்க் காலில் சங்கிலி போட்டார்கள். பிறகுதான் ஒரு டாக்டர் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் மூளையைத் திறந்து காட்டினார். "இங்க கெமிக்கல் அளவு மாறிப்போச்சு. பேயும் இல்ல, யார் தப்பும் இல்ல." அப்பா அங்கேயே அழுதுவிட்டார். சங்கிலியைக் கழற்றியது மாத்திரைதான். அம்மா மறுபடி குழம்பு வைத்தாள், பூசைக்குப் போனாள். ஆனால் அதற்குப் பிறகு அம்மா எதைச் செய்தாலும் அதற்குக் காரணம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. அப்பா இறந்ததற்கு அவள் அழுதபோதும், மருமகளிடம் கோபித்துச் சாப்பிடாமல் இருந்தபோதும் வீட்டில் ஒரே கேள்விதான். மாத்திரை போட்டியா?

இது ரத்தத்தில் வருவது, தங்கையையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அண்ணன் ஜெஸ்டினிடம் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அண்ணன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறான்.

வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலாட்சி, கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்து பெட்டியின் மேல் சாய்ந்தாள்.

"முந்தாநேத்து சங்கரா வாங்கறப்ப பேசினியேம்மா! மாரு அடைக்குது, எடது கை இழுக்குதுன்னியே! பேரம் பேசாம வாங்கினியே, அப்பவே எனக்குத் தெரியாமப் போச்சே!"

ஜோவிதா நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

"ஒங்கிட்ட சொல்லிச்சாண்ணா?"

"சொல்லிச்சு."

"நீ என்ன சொன்ன?"

ஜெஸ்டின் தரையைப் பார்த்தான். "என்ன சொல்லுவேன்? மாத்திரை போட்டியான்னு கேட்டேன்."

"மாரு அடைக்குதுன்னதுக்கா?"

குரல் அவளையும் மீறி உயர்ந்துவிட்டது. ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மெரின் கணவனுக்குக் கண்ணைக் காட்டினாள். ஜெஸ்டின் தங்கையின் தோளைப் பிடித்துச் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான்.

ஃபிரிட்ஜின் மேல் அம்மாவின் மாத்திரை டப்பா இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்தான்.

"இத போட்டுக்க ஜோவி. அம்மாவுக்கும் இப்பிடிக் கத்தித்தான் ஆரம்பிச்சுது."

"நான் கேட்டதுக்கு நீ பதில் சொல்லலையே."

"கல்லறைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும். அவ்ளோதான். கேளும்மா."

மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

ஜோவிதா குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டாள். அவன் ஒரு நிமிடம் நிம்மதியானான். அவள் தம்ளரை அவனிடமே கொடுத்தாள்.

"நீ தண்ணி குடிண்ணா. எனக்கு வேணாம்."

கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குத் திரும்பினாள். எல்லோரும் பார்த்தார்கள். அம்மாவின் முகத்துக்கு நேரே கண்ணாடி மங்கியிருந்தது. உட்கார்ந்து, முந்தானையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.