கோட்டைக்குள் முதலில் பிறந்தவள்

ஜோசெத்தின் குடிசை நிற்கும் மனையை இனாமாகக் கொடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் அவள் காதுக்கு வந்தது. பீவர் என்ற ஆற்று விலங்கின் தோலை வாங்கும் கோட்டையாக இருந்த ஊர் வரும் சனிக்கிழமை முதல் நகரமாம். ரயிலோடு வந்த கனடாக்காரர்கள் நகரசபை அமைத்துவிட்டார்கள். கோட்டை வேலிக்குள் முதலில் பிறந்த குழந்தைக்கு அந்த ஆற்றங்கரை மனைதான் பரிசாம். அவள் குடிசைக்குப் பத்திரம் கிடையாது. வெள்ளைத் தகப்பனுக்கும் க்ரீ பழங்குடித் தாய்க்கும் பிறந்த அவள் சனத்தில் யாரிடம்தான் பத்திரம் இருந்தது? குடியிருந்தால் வீடு, உழுதால் நிலம், அவ்வளவுதான்.

முதலில் அவள் சிரித்தாள். வேலிக்குள் முதலில் பிறந்தது அவள் மகள் அதேல்தானே! சுற்றி வளைத்து மனை வீட்டுக்கே வருகிறது என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

கோட்டைத் துரை ஃபின்ட்லே ஜோசெத்தை வழக்கப்படி கட்டியவன். அப்போது பாதிரியும் இல்லை, காகிதமும் இல்லை. பெண்ணின் அப்பனுக்கு ஒரு துப்பாக்கியும் குதிரையும் கொடுத்து, மாமன்மாரோடு உட்கார்ந்து புகைக்குழல் பிடித்தால் கல்யாணம். பதினோரு வருஷம் அவனுக்குப் பனிக்காலணி பின்னினாள், தோல் பதப்படுத்தினாள், பஞ்ச காலத்தில் முயலுக்குக் கண்ணி வைத்துக் கோட்டையின் வயிற்றையே நிரப்பினாள். துரை வீட்டில் பிள்ளை பிறந்தால் பீரங்கி ஒரு முறை வெடிக்கும். அதேலுக்கும் வெடித்தது. திரி வைத்தவன் படகோட்டி நார்சிஸ்.

அப்புறம் துரைக்குக் கடல் தாண்டி ஒரு வெள்ளைக்காரியை நிச்சயம் செய்தார்கள். வேண்டாத மனைவியை வேறொருவன் கையில் பிடித்துக் கொடுப்பதும் கோட்டை வழக்கம்தான். ஒரு கம்பளிக் கோட்டோடு ஜோசெத்தையும் நார்சிஸிடம் கொடுத்தான். கறிவேப்பிலைக்காவது குழம்பில் கொதித்த பெருமை மிஞ்சும், இவளுக்கு அதுவும் இல்லை.

அவள் அழவில்லை. அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று செய்தாள். புதிதாக வந்த பாதிரி அதேலுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது தகப்பன் பெயர் கேட்டார். வரப்போகிற மணப்பெண் முன்னால் துரைக்குத் தலைகுனிவு வேண்டாமே என்று, நார்சிஸ் என்றாள். எவன் சோறு போடுகிறானோ அவனே அப்பன் என்பது அவர்கள் சனத்தின் மரியாதை. நார்சிஸும் புத்தகத்தில் ஒரு சிலுவை கீறினான். பின்னால் வெள்ளைக்காரி ஆர்தரைப் பெற்றபோது பிரசவம் பார்த்ததும் இதே ஜோசெத்துதான்.

இப்போது அந்த ஆர்தர்தான் முதல் குழந்தை என்றது நகரசபை. ஜோசெத் மணிகோத்த சால்வையைப் போர்த்திக்கொண்டு நார்சிஸோடு சபைக்குப் போனாள். ஃபின்ட்லே கிழமாகி, தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தான்.

"தொரை, நீங்களே சொல்லுங்க. அதேல் எங்க பொறந்தா?"

ஃபின்ட்லே அவளைப் பார்க்காமல் தலைவரிடம் பேசினான். "நல்லா தைப்பா. கோட்டையில துணி துவைச்சுக்கிட்டு இருந்தா. படகோட்டி பொண்டாட்டி."

அதேல் பிறந்ததற்குப் பீரங்கி வெடித்தவன் இவன்தான் என்று ஜோசெத் நார்சிஸைப் பிடித்து முன்னால் தள்ளினாள். தலைவர் ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்து, இந்தச் சிலுவை உன்னுடையதுதானா என்று கேட்டார். படகோட்டிக் குடும்பங்களுக்கு வேலிக்குள் இடமே கிடையாது. ஆக, பிள்ளை உன்னுடையது என்றால் வெளியில்தான் பிறந்திருக்க வேண்டும். துரையுடையது என்றால் நீ கோயிலில் கடவுளிடம் பொய் சொல்லியிருக்கிறாய். எது என்றார். நார்சிஸ் ஒரு ஞாயிறு பூசையைக்கூடத் தவறவிடாதவன். நரகம் அவனுக்கு அடுத்த தெரு மாதிரி.

"என் பொண்ணுதாங்கய்யா," என்றான். "வெளியிலதான் பொறந்தா. அந்த வெடி... படகு வந்ததுக்குப் போட்டது."

"சனவரி மாசத்துலயா? ஆறு கல்லா உறைஞ்சு கெடக்கையில எந்தப் படகுடா வந்துச்சு?" என்றாள் ஜோசெத்.

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்காமல், படகு வந்தது என்றே எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை பீரங்கியை ஜோசெத்தின் வாசலுக்கே இழுத்து வந்தார்கள். அந்தப் பழைய சனியனுக்கு மருந்து கெட்டிக்க நகரத்தில் வேறு ஒருத்தனுக்கும் தெரியவில்லை. நார்சிஸைக் கூப்பிட்டார்கள்.

"ஒரே வெடி, நார்சிஸ்," என்றான் ஃபின்ட்லே. "வழக்கப்படி."

ஜோசெத் கெண்டியையும் கம்பளியையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றாள். பத்திரத்தைக் கையில் பிடித்திருந்த ஆர்தர் நல்ல பிள்ளையாகத் தொப்பியைக் கழற்றி, திங்கட்கிழமையிலிருந்து துணி துவைக்க அவள் வரலாம் என்று அம்மா சொல்லச் சொன்னதாகச் சொன்னான். நார்சிஸ் திரியைப் பற்றவைத்தான். வெடித்த அதிர்ச்சியில் குடிசையில் கண்ணாடிக்குப் பதில் தோல் கட்டிய ஜன்னல் கிழிந்து தொங்கியது. கூட்டம் கைதட்டியது.

"இப்ப எந்தப் படகு வந்திருக்கு நார்சிஸ்?" என்றாள் ஜோசெத்.

கூரையை இறக்க வந்த ஆட்கள் ஏணி கேட்டார்கள். கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது என்று நார்சிஸ்தான் போய் எடுத்துக் கொடுத்தான்.