வலது கால் நாற்பது

காலையில் போய் ஷூ வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தூங்கி எழுந்த கால் சாதுவாக இருக்கும், எதற்குள்ளும் நுழையும். எங்கள் ஃபாக்கோ மலையில், வருஷா வருஷம் உச்சிவரை ஏறி இறங்குகிற போட்டியில் ஓடப்போவது அந்தக் கால் இல்லை. நாள் முழுக்கக் கிழங்குத் தோட்டத்தில் நின்று சாயங்காலம் வீங்கிக் கனத்திருக்குமே, அதுதான் ஓடப்போகிறது. அதனால் என் தோழி எபோசியும் நானும் தோட்டத்திலிருந்து நேராக, மண்ணைக்கூடக் கழுவாமல் முயேயா சந்தைக்குப் போவோம். வெள்ளைக்காரர்கள் போட்டுக் கழித்த ஷூக்கள் அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும்.

எங்களைப் பார்த்ததும் கடைக்கார ஒகேக்கே தலையில் கை வைத்துக்கொள்வான்.

"வந்துட்டாங்கய்யா சேத்துக்கால் மகாராணிங்க! காலைத் துடைச்சுட்டு உள்ள விடுங்கம்மா, நாளைக்கு வேற எவனாவது வாங்கணும்ல?"

"நீ விக்கிறதே எவனோ போட்டுக் கழிச்சது. அதுல எங்க சேறுதான் உனக்குக் கண்ணை உறுத்துதா?" என்பாள் எபோசி.

அவளுக்கு வாய் அப்படி. கையும் அப்படித்தான். ஷூவை எடுத்ததும் அடிப்பாகத்தை இரண்டாக மடக்கிப் பார்ப்பாள். ஒட்டின இடத்தில் நகத்தை விட்டுக் கீறுவாள். பிசின் பொடியாக உதிர்ந்தால் தூக்கி எறிந்துவிடுவாள். எங்கள் மலையில் பாதி, நெருப்பாக ஓடி உறைந்த கல். அரம் மாதிரி அறுக்கும். மெத்தென்ற ரப்பர் கல்லை நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஒரே பருவத்தில் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிடும். கெட்டியான ரப்பர் வருஷக்கணக்கில் உழைக்கும், ஆனால் ஈரக்கல்லில் ஆளைக் கவிழ்த்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். ஒகேக்கே கடை வாசலில் ஒரு கறுப்புக் கல் கிடந்தது. அதில் தண்ணீர் ஊற்றி, ஷூவைத் தேய்த்து, எந்த இடத்தில் இழுக்கிறது, எந்த இடத்தில் வழுக்குகிறது என்று அவள் பார்க்கிற அழகைப் பார்க்கச் சந்தையில் பாதிப்பேர் கூடிவிடுவார்கள்.

கடைசியாகத்தான் காலில் மாட்டுவோம். நாடாவை இறுக்கிக் கட்டி, விரல் நுனியைத் தரையில் ஓங்கி உதைக்க வேண்டும். முன்பக்கம் விரல் இடித்தால் வேண்டாம். மலையில் ஏறும்போது எந்த ஷூவும் நல்ல ஷூதான். அது ஆளைக் கொல்வது இறங்கும்போது.

இதில் எங்களுக்கு இன்னொரு சங்கடம் இருந்தது. சின்ன வயதில் பாறை உருண்டு விழுந்து என் இடது பாதம் நசுங்கி, ஆறினபோது அகன்று போய்விட்டது. இடதுக்கு நாற்பது, வலதுக்கு முப்பத்தொன்பது. எபோசிக்கு நேர் எதிர்: பிறவியிலேயே வலது பெரிது. ஒருநாள் பயிற்சிக்குப் போனபோது, அவள் ஒதுங்கி உட்கார்ந்து இடது ஷூவுக்குள் பஞ்சு திணிப்பதைப் பார்த்துவிட்டேன். திருடி மாட்டிக்கொண்ட மாதிரி விழித்தாள். நான் என் ஷூ இரண்டையும் கழற்றி என் பாதங்களைக் காட்டினேன். அவ்வளவுதான், இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அன்றிலிருந்து ஒரே ரகத்தில் முப்பத்தொன்பதில் ஒரு ஜோடி, நாற்பதில் ஒரு ஜோடி என்று தேடி, ஒவ்வொரு ஜோடியிலும் ஆளுக்கு ஒரு ஷூவாகப் பிரித்துப் போட்டுக்கொள்வோம். பழைய மூட்டையில் அப்படிக் கிடைப்பது குதிரைக்கொம்பு. மாதக்கணக்கில் அலைவோம். கிடைத்தால் கல்யாண வீடுதான்.

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று ஒருதடவை கேட்டேன்.

"அவருக்கா? தெரிஞ்சா, ஒரு கால் பெரிசு ஒரு கால் சிறிசுன்னு என்னைக் கட்டும்போது எங்க வீட்டுக்குக் கொடுத்த ஆட்டையெல்லாம் திருப்பிக் கேப்பாரு. எங்கம்மா கட்டிக்கொடுக்கும்போதே சொல்லி அனுப்பினா, புருஷன் முன்னாடி ரெண்டு காலையும் சேத்து நீட்டாதேன்னு."

"இத்தனை வருஷத்துல ஒருநாள்கூடவா பாக்கல?"

"அந்த ஆளு என்னைக்குடி என் காலைப் பாத்தாரு?" என்று கண்ணடித்தாள்.

போன வருஷப் போட்டியில், மலைவழியில் தங்கக் கட்டின இரண்டாவது குடிசை தாண்டினதும் அவளுடைய வலது ஷூ வாயைப் பிளந்துவிட்டது. கிழிந்த அடிப்பாகத்தை வாழைநாரால் கட்டிக்கொண்டு, உச்சியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி இறங்கினாள். அதற்குப் பிறகு சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தாலும் அவள் மனசுக்குள் உச்சியைத் தொடாத புகைச்சல்தான். மழை முடிந்த சமயத்தில் ஒகேக்கே மூட்டையில் அந்தப் பச்சை ஷூ கிடைத்தது. இரண்டு அளவிலும், ஒரு நூல்கூடப் பிரியாமல். எபோசி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவை உச்சியை மிதிக்காம இறங்கமாட்டேன், எனாங்கா. நீ வேணா பாரு. அதுவரைக்கும் இதைப் போட்டுத் தேய்க்கவும் மாட்டேன்."

நான் என் பங்கை மறுநாளே போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். அவள் தன் பங்கைப் பையில் கட்டிக் கூரைக்கடியில் மாட்டி வைத்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தான். கஷாயம் குடித்தாள், படுத்தாள், எழுந்து வந்து என்னோடு சண்டைகூடப் போட்டாள். பிறகு படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியும் எனக்கு இன்னும் வாய் பழகவில்லை.

போட்டிக்குச் சில நாள் இருக்கும்போது அவள் கணவர் லிதும்பே என் வீட்டுக்கு வந்தார். வாடகை பைக் ஓட்டுகிற மனிதர். பைக்கை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றார். கையில் அந்தப் பை.

"உள்ள வாங்க மோலா. கிழங்குல பண்ணின குவாக்கோக்கோ இருக்கு, சாப்பிடுங்க," என்றேன். ஆண்களை எங்கள் பக்கம் மோலா என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம்.

"வேணாம்மா. சாப்பிடற நிலைமையில இல்ல." பையை நீட்டினார். "இது அவளோடது. மண்ணுகூடப் படல. தூக்கத்துலகூட உச்சி உச்சின்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தா. அவதான் போகல, அவ ஷூவாவது போகட்டும். நீ போட்டுக்கிட்டு ஓடு."

நான் பையைப் பார்த்தேன், வாங்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் எப்பவும் ஒண்ணாத்தானே வாங்குவீங்க, ஒரே அளவுதானே?" என்றார். "மேலே கொண்டுபோய் ஒரு மிதி மிதிச்சிட்டு வந்தா போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் எபோசி உயிரோடு இருந்தவரை மறைத்து வைத்த காலை, அவள் போனபிறகு வாசலில் வைத்து எப்படி அவிழ்ப்பது? "சரி மோலா, போட்டுக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன்.

அவர் போனதும் உட்கார்ந்து மாட்டிப் பார்த்தேன். இடது முப்பத்தொன்பதில் என் நசுங்கின பாதம் பாதிக்குமேல் போகவில்லை. வலது நாற்பதில் என் கால் தொளதொளவென்று ஆடியது. அவளுக்கு எங்கே இடம் வேண்டுமோ அங்கே எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டிய இடத்தில் அவளிடம் இல்லை. இரண்டு பேராக இருந்தவரை எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. ஷூவை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

கடைசியில் என் இடதும் அவள் வலதும் என்று முடிவு செய்தேன். இரண்டும் நாற்பது, மூட்டையில் வந்தபோதே ஜோடியாக இருந்தவைதான். வலது காலில் இரண்டு உறை போட்டு, நாடாவைக் கணுக்காலைச் சுற்றி இறுக்கினால் ஏறிவிடலாம். இறங்கும்போது விரல்கள் போய் முன்னால் மோதும், நகம் போகும். அது தெரிந்தேதான் கட்டினேன். என்னுடைய வலது ஷூவும் அவளுடைய இடது ஷூவும் வீட்டிலேயே இருந்தன.

போட்டியன்று, ஓட்டம் தொடங்கி முடிகிற மைதான வாசலில் லிதும்பே நின்றார். என் காலைப் பார்த்தார். பச்சைக்குப் பச்சை சரியாக இருந்தது. கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி தலையைத் தாழ்த்தினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏற்றத்தில் ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. காட்டு வேர்களில் ஷூ கச்சென்று பிடித்தது. காடு முடிந்து புல்மலை வந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. இரண்டாவது குடிசை தாண்டி, போன வருஷம் அவள் உட்கார்ந்து வாழைநார் கட்டின கல்லைப் பார்த்தேன். "வாடி, இன்னும் கொஞ்சம்தான்" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் ஓடின பெண் தன்னைச் சொன்னேன் என்று நினைத்துத் தலையாட்டினாள்.

உச்சியில் சாம்பல் மண்ணும் மூடுபனியும்தான். அங்கே நின்று எல்லாரும் கையைத் தூக்குவார்கள். நான் வலது காலைத் தூக்கினேன். ஓங்கி மிதித்தேன். ஒன்று அவளுக்காக, ஒன்று அவருக்காக. இன்னும் மிதித்துக்கொண்டே இருந்திருப்பேன், அங்கே நின்ற காவலர் "போதும்மா, மலை எழுந்திரிச்சுடப் போகுது, இறங்கு" என்று விரட்டினார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

இறக்கம் நான் நினைத்ததைவிட மோசம். ஒவ்வொரு அடிக்கும் பாதம் முன்னால் வழுக்கி, விரல்கள் ஷூவின் முன்பக்கத்தில் முட்டின. முதல் குடிசைக்கு வந்து சேரும் முன்பே பெருவிரல் நகம் போய்விட்டது. எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒரு பையன் "அக்கா, தூக்கிக்கிட்டுப் போகவா?" என்று கிண்டல் வேறு. இருக்கிற கோபத்தில் அவனைத் திட்டித் தீர்த்தேன். நொண்டி நொண்டி மைதானத்துக்குள் வந்தபோது கைதட்டுகிறவர்கள்கூடச் சாப்பிடப் போய்விட்டார்கள். லிதும்பே மட்டும் அதே இடத்தில் நின்றார்.

புல்லில் விழுந்தேன். அவர் குனிந்து நாடாவை அவிழ்த்தார்.

"மேல போயிடுச்சா?"

"போயிடுச்சு மோலா. நல்லா மிதிச்சேன்."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஷூக்களைக் கழற்றித் திருப்பினார். டயர் பார்த்துப் பழகின கண். அடிப்பாகத்தை விரலால் தடவினவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது ரொம்ப நாளா ஓடினது. இது புதுசு." குரல் மாறியது. "ஒண்ணுதான் அவளோடது. ஏம்மா, ஒண்ணைத்தானா கொண்டுபோனே? செத்தவகிட்டயும் பாதி ஏமாத்தா?"

அந்த வார்த்தைக்கு நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் அந்தப் புது ஷூவை விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்தேன், கத்தவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். என் காலையும், அவள் காலையும், இரண்டு ஜோடி வாங்கிப் பிரித்துக்கொண்டதையும். ஆட்டைத் திருப்பிக் கேட்பார் என்று அவள் சொன்னதையும் சொன்னேன். அதைக் கேட்டு ஒரு நொடி சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது.

"வலது கால் நாற்பதா?" என்றார்.

"ஆமா மோலா."

அவர் புல்லில் உட்கார்ந்தார்.

"அவளை அடக்கம் பண்றதுக்கு வெள்ளை ஷூ வாங்கணும்னு என் அக்கா அளவு கேட்டா. எனக்கு என்ன தெரியும்? அந்தப் பையைத் தொறந்து கைக்கு வந்த ஷூவைப் பாத்தேன். முப்பத்தொன்பதுன்னு போட்டிருந்துது. சொல்லிட்டேன். இடது காலுக்கு நல்லாப் போச்சு. வலதுக்குப் போகல. காய்ச்சல்ல வீங்கியிருக்குன்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அமுக்கிப் பாத்தோம். அப்புறம் அக்கா கத்தியெடுத்துப் பின்பக்கத்தை வெட்டி மாட்டினா. நான்தான் காலைப் பிடிச்சுக்கிட்டேன்."

பெட்டிக்குப் பக்கத்தில் நானும்தான் நின்றேன். வெள்ளைத் துணி முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும் மூடியிருந்தது. அளவு தெரிந்த ஒருத்தி ஊரிலேயே நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

லிதும்பே எபோசியின் ஷூவுக்குள் கையை விட்டார். விரலை விரித்து, அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். நீட்டி முழக்காத மனிதர், அன்று சின்னப் பிள்ளை மாதிரி என்னிடம் கேட்டார்.

"செத்தவங்க போற வழியில, பின்பக்கம் இல்லாத ஷூவைப் போட்டுக்கிட்டு எவ்வளவு தூரம் நடப்பா, எனாங்கா? நீ சொல்லு. உனக்குத் தெரியும்ல."

எனக்குத் தெரியும். குதிகாலைப் பிடிக்காத ஷூ முதல் மேட்டிலேயே கழன்று விழுந்துவிடும்.

"போயிடுவா மோலா," என்றேன். "எபோசி எப்படியும் போயிடுவா."