பலா நிழலில் ஐந்து கனகாம்பரம்

ஏலக்காய்க் கடையில் முப்பத்தாறு வருடம் காய்க்குத் தரம் பார்த்தவன் நான். அளவுக்கு மீறிப் பச்சையாக எது இருந்தாலும் சாயமோ என்று சந்தேகப்படும் புத்தி, ஓய்வு பெற்ற அன்று கடையிலேயே தங்காமல் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டுப் பாண்டியராஜன் மொட்டு வைத்த ஐந்து கனகாம்பரச் செடிகளைப் பையோடு கொண்டுவந்து சும்மா கொடுத்தான். போடியில் சும்மா கிடைப்பது மலைக்காற்று ஒன்றுதான். என் மூக்கு விடைத்தது.

“எதுக்கு தம்பி?”

“ஒங்க சுவரோரப் பாத்திக்குத்தாண்ணே. பத்து மணி வரைக்கும் வெயிலு, பெறகு நிழலு. அதுல இது நல்லாப் பூக்கும்.”

என் பாத்தியின் வெயில் கணக்கு இவனுக்கு எதற்கு?

அவன் வீட்டுப் பலாமரம்தான் சுவரைத் தாண்டி அந்தப் பாத்திக்குக் குடை பிடிக்கிறது. நான் வைத்த ரோஜா வெயிலைத் தேடித் தென்னை உயரம் வளர்ந்ததே தவிர மொட்டு விடவில்லை. மல்லிகை இலையாகவே விட்டது. பக்கத்து ஊர் சிலமலையின் ஆடு அத்தனையும் ஒரு மாதம் மேயலாம். என் மனைவி மகாராணி கெடு வைத்துவிட்டாள். திங்கள்கிழமை கொத்தனார் சோலை வருவதற்குள் பாத்தியில் பூ இல்லையென்றால், சிமெண்டு போட்டு வண்டி நிறுத்துவாளாம். எனக்கோ காலையில் மண்ணைக் கிளறாவிட்டால் இட்டிலி இறங்காது.

வெள்ளைத் துண்டை நனைத்து இலைகளைத் தேய்த்தேன்.

“என்னண்ணே, செடிக்கு மூஞ்சி தொடைக்கிறீக?”

“சாயம் இருக்கான்னு பாக்குறேன்.”

“செடிக்குமா சாயம் போடுவாக?”

“காய்க்கே போட்டாகளே.”

துண்டு வெள்ளையாகவே இருந்தது. அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. காப்பி கொடுத்து எதிரே உட்காரவைத்து, ஒன்றும் பேசாமல் பார்த்தேன். சரக்கோடு வருகிறவன் வாயைத் திறக்க வைக்கும் வழி அதுதான். டம்ளர் காலியாவதற்குள் அவன் கண் பலாமரத்துக்கு நானூறு தடவை போய் வந்தது.

“நெசத்தச் சொல்லு, பாண்டி.”

“பாத்தியில சிமெண்டு போட்டா வேருக்குத் தண்ணி எறங்காதுண்ணே. எங்க பலா பட்டுப்போகும். மதினிகிட்டச் சொல்லப் பயமா இருக்கு.”

எனக்குச் சொர்க்கமே தெரிந்தது. அப்படியானால் செடி நல்ல செடிதான். பூக்காவிட்டால் என்னைவிட அவனுக்கல்லவா நட்டம். இரண்டு பேருமாகக் குழி தோண்டி நட்டோம்.

மறுநாள் சோலை கரண்டியோடு வந்தபோது, ஐந்து செடியிலும் ஆரஞ்சுப் பூ விரிந்திருந்தது. மகாராணி குனிந்து பார்த்தாள்.

“இது யாரு பாத்த சோலி?”

“நாந்தான். பஸ்சுலயும் ஜீப்புலயும் அலைஞ்சு, எரநூறு தோட்டம் ஏறி எறங்கி…”

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். மகாராணி பூக்கொத்து ஒன்றை விரலால் தூக்கிப் பார்த்தாள், பிறகு மரத்தை, பிறகு என் நகக்கண் மண்ணை.

“சோலையண்ணே, தண்ணித் தொட்டி விரிசல மட்டும் பூசிட்டுப் போங்க,” என்றவள் சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “தம்பி, அஞ்சு பத்தாது. இன்னும் அஞ்சு கொண்டாங்க.”

“வெரசா வர்றேன் மதினி,” என்றது சுவர்.